கறுவலின் கால்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரை எல்லோரும் எலும்பு மிஸ் என்றுதான் சொன்னோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் பழைய காலத்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் புதையலுக்குத் தோண்டுவார்கள், இந்த மனுசி ஆட்டுப் பல்லுக்காக வெயிலில் காய்கிறதே என்று வங்காலையில் எங்கள் ஒழுங்கையின் அத்தனை வீடுகளும் சிரித்தன.

மூன்றாம் தவணையில் எங்கள் வகுப்பை அங்கே கூட்டிப்போனார்கள். மிஸ் உள்ளங்கையில் ஒரு குட்டித் தாடையை வைத்துக் காட்டினார். ஆயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்ததாம். "எலும்பு லேசிலை அழியாது பிள்ளையள்" என்றார். பல்லைப் பார்த்தே ஆடு எந்த வயதில் செத்தது என்று சொல்லலாமாம். கம்பளிக்காக ஆடு வளர்த்த குளிர்நாடுகளில் கிழட்டு ஆடுகளின் பல் நிறையக் கிடைக்குமாம். பாலுக்காக வளர்த்த இடங்களில் கிடாய்க்குட்டிகளின் பல்தான் நிறைய. குட்டி குடித்தால் மனிதருக்குப் பால் மிஞ்சாது, அதனால் சின்னதிலேயே வெட்டிவிடுவார்கள் என்றார். அந்தக் காலத்து மனிதர்கள் மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க, வயது சரியாகத் தெரிந்த ஓர் ஆட்டின் தாடை வேண்டும் என்று மிஸ் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். எங்கள் கறுவலின் வயது எனக்கு நாள் தவறாமல் தெரியும். குருத்தோலை ஞாயிறன்று பிறந்த கிடாய்க்குட்டி. அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள் செத்தது.

இந்தியாவில் அகதி முகாமிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய வருடம் அது. எனக்கு மாறி மாறிக் காய்ச்சல். பிள்ளைக்குப் பால் கொடுங்கோ என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நின்றது ஒரேயோர் ஆடு. அதன் பாலைக் கறுவல் குடித்து முடித்துவிடும். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, குட்டி வயிறு ஊதிச் செத்துவிட்டது என்றார் அப்பா. வேலியோரம் புதைத்தும் விட்டிருந்தார். ஈர்க்கில் சிலுவை கட்டி நட்டுவிட்டு அழுதேன். மறுநாள் திருநாள், ஒழுங்கை முழுக்க இறைச்சிக்கறி மணத்தது. எங்கள் வீட்டில் மட்டும் அம்மா மீன் சமைத்தார். அன்றிலிருந்து எனக்குக் கோப்பை நிறையப் பால் வந்தது. என் கவலையை ஆற்றத்தான் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஸ் வரப்போகிறார் என்றதும் அப்பா, செத்ததைக் கிளறக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். கறுவல் கம்பஸுக்குப் போகப்போகிறான் என்ற பெருமையில் நான் விடவில்லை. மிஸ் வந்தபோதுகூட அவர் ஒரு கதிரை எடுத்துப் போடவில்லை.

மிஸ் சின்னத் தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தார். தலை வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சுற்றிவரத் தோண்டியும் இல்லை.

"கறுவலின்ரை காலெல்லாம் எங்கை மிஸ்?" என்று கேட்டேன்.

மிஸ் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பால் கொண்டுவந்த அம்மா குசினி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குட்டியின்ரை எலும்பு மெல்லிசு பிள்ளை" என்றார் மிஸ் கடைசியில். "அது கெதியா மண்ணோடை மண்ணாப் போயிடும்."

அப்பா விறுவிறுவென்று உள்ளே போய்க் கதிரையைத் தூக்கிவந்து, "இருங்கோ மிஸ்" என்றார். மிஸ் இருந்துகொண்டு, என்னைக் கேட்டுக் கேட்டு ஒரு சீட்டில் எழுதினார். பெயர் கறுவல், கிடாய், வயது இரண்டு மாதம். எதனால் செத்தது என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இன்று அந்த மூன்று பேரையும் நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அன்றைக்கோ, ஆயிரம் வருடம் அழியாத எலும்பைக் காட்டியவர் நாலு மாதத்தில் கால்கள் கரைந்துவிட்டன என்று சொன்னதை அப்படியே நம்பினேன். பழைய காலத்து மனிதர்களின் கல்நெஞ்சை மனதுக்குள் திட்டிக்கொண்டே, அம்மா நீட்டிய பாலை வாங்கி ஒரு சொட்டும் மிச்சம் விடாமல் குடித்தேன்.