வானியிடம் சொல்லாமல் விட்டது

தன் நாட்டில் சமாதானம் கையெழுத்தான மறுநாள் வானி ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வேலைக்கு வந்தான். 2015 ஆவணி மாதம். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்து வீதியில் இராசேஸ்வரி நடத்தும் உணவகத்தின் பின்பக்கத்தில், அவனும் பாலச்சந்திரனும் அடுத்தடுத்த தொட்டிகளில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வானி தென்சூடானைச் சேர்ந்தவன். தலைநகரம் ஜூபாவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். அவனுடைய நாடு பிறந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தலைவர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். மனைவி கெஜி இரண்டு பிள்ளைகளோடு உகாண்டா முகாமுக்கு ஓடினாள். வானி வேறு வழியாக ஓடி, கடல் தாண்டி, லா சப்பல் பாலத்தின் கீழிருந்த கூடாரங்களில் வந்து விழுந்தான். பொலிஸ் அந்தக் கூடாரங்களைப் பிடுங்கி எறிந்த கிழமையில் சாப்பாடு கேட்டுக் கடை வாசலில் நின்றவன், அப்படியே வேலைக்கு நின்றுவிட்டான்.

"பேர் வானியாம். மச்சான் பாலா, உன்ரை வன்னிக்காரன் ஒருத்தன் வந்திருக்கிறான். கொஞ்சம் வெயிலிலை கூட நிண்டிட்டான் போல" என்று சமையல்காரர் சவிரிமுத்து அன்றே பகிடி விட்டார்.

"நீ மட்டும் என்ன, பால் வடியிற நிறமே?" என்றார் பாலச்சந்திரன்.

பாலச்சந்திரனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. புறநகரான கார்ஜ் லே கொனெஸில் ஒரு அறையில் இருந்தார். சொந்த ஊரான வன்னியில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் கேற்றுக் காவலாளியாக வேலை பார்த்ததால் கொஞ்சம் ஆங்கிலம் வரும். வாத்தியார் வானிக்கு ஆங்கிலமும், வந்து பிடித்துக்கொண்ட கொஞ்சம் பிரெஞ்சும் வரும். இரண்டையும் குழைத்து அவர்கள் பேசுவது மூன்றாவது ஆளுக்கு விளங்காது. பாலச்சந்திரனின் காதில் அது தமிழாகவே விழும்.

"எங்கடை சனாதிபதிக்குக் கையெழுத்து வைக்க விருப்பமில்லை. பதினைஞ்சு நாள் தாங்கோ, யோசிக்க வேணும் எண்டவர்" என்றான் வானி, பழத்தை நீட்டி. "பெரிய நாடுகள் விடேல்லை. வைக்காட்டித் தடை போடுவம் எண்டிட்டாங்கள். நடுவிலை நிண்ட நாடுகளும் நெருக்கிச்சுது. வைச்சிட்டார்!"

"மனசோடை வைச்சவரோ?"

"இது பிழை, அது பிழை எண்டு ஒரு பட்டியலும் சேர்த்துக் குடுத்தவராம். அதாலை என்ன? உலகமே கழுத்திலை கை வைச்சுப் பிடிச்சிருக்கு. இனி அசைய ஏலாது."

பாலச்சந்திரன் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். 

அவருக்கு அந்தப் பிடியைத் தெரியும். 2002இல் வன்னியில் போர்நிறுத்தம் வந்தபோது அவருக்கு முப்பத்துமூன்று வயது. வெள்ளை வாகனங்கள் வந்தன, கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். வெளிநாடு பார்த்துக்கொண்டிருக்கிறது, இனி ஒருவனும் குண்டு போடமாட்டான் என்று சனம் நம்பியது. இடம்பெயர்ந்திருந்த பாலச்சந்திரனின் அக்காவும் அந்த நம்பிக்கையில்தான் திரும்பி வந்து கூரை வேய்ந்தாள்.

ஆறு வருடம் கழித்துப் போர்நிறுத்தம் முறிந்தது. முதலில் கண்காணிப்பாளர்கள் போனார்கள். 2008 புரட்டாதியில் கிளிநொச்சியிலிருந்த தொண்டு நிறுவனங்களையும் அரசாங்கம் போகச் சொன்னது. அவர்களும் பெட்டி கட்டினார்கள். சனம் வந்து கேற்றை மறித்தது. போகாதையுங்கோ, நீங்கள் போனால் எங்களை அழிச்சுப்போடுவாங்கள் என்று கைகூப்பியது. பொறுப்பாளராக இருந்த வெள்ளைக்காரர் பாலச்சந்திரனின் தோளில் கை போட்டு, இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம், நீ சொன்னால் கேட்பார்கள் என்றார். பாலச்சந்திரன் சொன்னார். சனம் விலகியது. அவரே கேற்றைத் திறந்துவிட்டார். முன்வரிசையில் நின்றவர்களில் அக்காவும் ஒருத்தி.

யாரும் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் வைகாசிக்குள் அக்காவும் அத்தானும் அவர்களின் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இல்லை.

கையெழுத்து வாங்க ஆயிரம் பேர் வருவார்கள். நாற்காலி இழுத்துப் போடுவார்கள், பேனை நீட்டுவார்கள், கைகுலுக்கிப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் அவர்களுக்குப் போதும். பிறகு சுடுகிறவன் சுடும்போது காவலுக்கு நிற்க அந்த ஆயிரத்தில் ஒருவன் வரமாட்டான். இது பாலச்சந்திரன் எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. வானியிடம் அன்றே சொல்லியிருக்கலாம். பேரீச்சம்பழப் பெட்டியைக் கையில் வைத்துச் சிரிக்கிறவனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டார்.

விட்டது பெரிய பிழையல்ல. கெஜி இன்னும் முகாமில்தான் இருந்தாள்.

அடுத்த சித்திரையில் எதிரணித் தலைவர் ஜூபாவுக்குத் திரும்பினார். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே அரசாங்கம் அமைத்தன. அந்தக் கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த மூன்று மணிக்கு, வானி கையைத் துடைத்துக்கொண்டு பாலச்சந்திரன் முன்னால் வந்து நின்றான்.

"கெஜி ஜூபாவுக்குப் போகப்போறாள். நாளைக்கு பஸ். முகாமிலை பிள்ளையளுக்குக் காய்ச்சல் மாறுதில்லை. என்னைக் கேட்டவள், போகட்டோ எண்டு. நான் உங்களைக் கேக்கிறன். உங்களுக்கும் இப்பிடி ஒரு சமாதானம் வந்தது எண்டு சவிரி சொன்னவர். அது எப்பிடி முடிஞ்சது?"

பாலச்சந்திரன் வாயைத் திறந்தார். "வானி, அது வந்து..."

காசு மேசையிலிருந்து இராசேஸ்வரி எட்டிப் பார்த்தார். "என்னவாம் பிள்ளைக்கு?"

"மனிசி பிள்ளையள் ஊருக்குத் திரும்பீனமாம் அக்கா. நாளைக்கு."

"நல்ல விசயமெல்லே! நீர் ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறீர்? வெளிக்கிடுற சனத்துக்கு அவச்சொல் சொல்லாதையும் தம்பி. உம்மடை வாயிலை என்ன வரப்போகுதெண்டு எனக்குத் தெரியும். நல்லதாச் சொல்லும்."

இதுதான் நம்முடைய வழக்கம். ஒருவர் பயணம் வெளிக்கிட்டால் எங்கே என்று கேட்கக் கூடாது. பின்னால் கூப்பிடக் கூடாது. சாவு, நெருப்பு என்ற சொற்களை எடுக்கக் கூடாது. எடுத்தால் பலித்துவிடுமாம். சொல்லுக்கு அப்படியொரு சக்தி இருந்திருந்தால், 2009இல் வன்னிச் சனம் இரவு பகலாகச் சொன்ன சொல்லில் பத்து விமானமாவது விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அன்று அந்த வழக்கம் பாலச்சந்திரனின் நாக்கைப் பிடித்தது. அது பிடித்தது அவருக்கும் வசதியாக இருந்தது. கேற்றைப் பற்றிச் சொன்னால் அதைத் திறந்தவன் யார் என்றும் சொல்ல வேண்டுமே.

"அது வேறை, இது வேறை. உங்களுக்கு ஒரு நாடு இருக்கு. கொடி இருக்கு" என்றார். "ஒண்டும் நடவாது. போகச் சொல்லு."

வானி அவருடைய ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, போனோடு வீதிக்கு ஓடினான்.

ஆடி மாதம் இரண்டாம் கிழமை. சவிரிமுத்துதான் போனில் பார்த்துவிட்டுச் சொன்னார். ஜூபாவில் சண்டை. சேர்ந்திருந்த இரண்டு தரப்பும் தலைநகரத்துக்குள்ளேயே அடிபட்டன. யுத்த தாங்கியும் ஹெலிகொப்டரும் இறங்கின. தூதரகங்கள் தங்கள் ஆட்களை விமானத்தில் ஏற்றி எடுத்தன.

வானி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். ஏப்ரனைக் கட்டவில்லை.

"கெஜி உயிரோடை இருக்கிறாள். சின்னவளும் இருக்கிறாள். பெரியவனைக் காணேல்லை. தேவாலயத்துக்கு ஓடேக்கை கை விட்டிட்டுது." அவன் தொட்டியைப் பார்த்துத்தான் பேசினான். "பெரிய நாடுகள் இருக்கு எண்டு நான்தான் அவளுக்குச் சொன்னது."

பாலச்சந்திரன் குழாயை நிறுத்தினார். நின்றபடியே சொன்னார். போர்நிறுத்தம், வெள்ளை வாகனங்கள், கேற், கைகூப்பிய சனம், தோளில் விழுந்த கை, அக்கா. ஒன்றையும் குறைக்கவில்லை.  முடிந்ததும் வானி கேட்டான்:

"இதெல்லாம் சித்திரையிலையும் உங்களுக்குத் தெரியும்?"

"ஓம்."

"நான் கேட்டனான்."

"ஓம். கேட்டனீ."

இராசேஸ்வரி கதவடியில் நின்றார். "அவர் நல்ல வார்த்தைதானே தம்பி சொன்னவர்..."

"அக்கா, தயவு செய்து வாயை மூடுங்கோ" என்றார் பாலச்சந்திரன். அந்தக் கடையில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

வானி போனை எடுத்து எண்ணை அழுத்தினான். மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டதும் அவர்களுடைய மொழியில் இரண்டு வசனம் பேசிவிட்டு, போனைப் பாலச்சந்திரனிடம் நீட்டினான்.

"அந்தப் பெரிய ஆக்களைக் கேக்க எங்களிட்டை நம்பர் இல்லை. உங்கடை நம்பர் இருக்கு. அவளுக்கு நீங்களே சொல்லுங்கோ."

பாலச்சந்திரன் ஊரில் சாரத்தில் துடைக்கிற மாதிரிக் கையை ஏப்ரனில் துடைத்தார்.  போனை வாங்கிக் காதில் வைத்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கெஜி நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டாள்:

"நீங்கள் தடுத்திருந்தால் நான் பஸ்சில் ஏறியிருக்க மாட்டேன். ஏன் தடுக்கவில்லை?"

அவருக்கு ஆங்கிலத்தில் கோப்பைகளின் பெயரும், கேற்றில் சொல்லும் வணக்கமும், மன்னிப்பும் தெரியும். மன்னிப்பை அவர் எடுக்கவில்லை.

"பயம்" என்றார். "எனக்கு வெட்கமும் பயமும்."

அவள் போனை வைக்கவில்லை. மகனின் பெயரையும் வயதையும், ஓடியபோது அவன் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொல்லத் தொடங்கினாள். பாலச்சந்திரன் சுவரில் தொங்கிய பேனையை இழுத்து, ஓடர் துண்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினார்.