செருப்புக்கடித் தாளம்

போன வாரம் புதுச் செருப்பு வாங்கினேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் வலது குதிகாலைக் கடித்துவிட்டது. நொண்டிக்கொண்டே வருகிறேன், வாய் தானாக சலீம் கல்யாணப் பாட்டை முணுமுணுக்கிறது. எண்பது வயதில் நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தால் என்ன நினைப்பார்கள், சொல்லுங்கள்!

நான் இசையமைப்பாளன் ஆனபிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், "உங்க மெட்டுல அந்த இழுத்து வெட்டுற நடை எங்கேருந்து சார் வந்துச்சு?" என்று. அரேபிய இசையின் தாக்கம் என்று எழுதியவர்கூட உண்டு. நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் பாட்டு படித்துக்கொண்டிருந்தேன். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயில். கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ராகம் இழுத்தால், "யப்பா, காலங்காத்தால ஏன் அழுவுற?" என்பார்கள் கூடைக்காரம்மாக்கள். என் அப்பாவின் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுதான். அப்போதுதான் பக்கத்து வீட்டு சலீமுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பாடுகிற வாழ்த்துப் பாட்டுக்கு மெட்டுப் போடும் வேலையை என்னிடம் விட்டார்கள். என் முதல் மெட்டு! அப்பா கறாராகச் சொன்னார்: "இது எடுபடலன்னா நாளைக்கே பெண்ணாடம் பெரியப்பா கரும்புக் கொல்லைக்குக் கெளம்பு."

விடுவேனா? படித்ததையெல்லாம் அதில் கொட்டினேன். தோடி ராகம், ஆமை வேகத்தில் சவுக்க காலம், வார்த்தைக்கு வார்த்தை கமகம். உட்கார்ந்த இடத்தில் பாடிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. நடந்துகொண்டே பாடவேண்டிய பாட்டு அது என்பதுதான் இந்த மேதைக்கு உறைக்கவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தப்ஸ் அடிப்பவர்கள், அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றார்கள். அடி விழாமல் கால் எப்படி நகரும்? தெருமுனையில் மொத்த ஊர்வலமும் நின்றுவிட்டது. "நிக்காவுக்கு நேரமாவுது!" என்று பெண் வீட்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தார்கள். பின்வரிசையில் அப்பா வேறு. பெண்ணாடத்துக் கரும்பு என் கண்முன்னால் ஆடியது.

முகத்தை மறைத்துத் தொங்கிய பூச்சரங்களுக்குள்ளிருந்து சலீம் சீறினான்: "மச்சான், ஒன் பாட்டுக்கு நிக்கத்தான் முடியும். நான் நடக்கறேன், என் காலப் பாத்துப் பாடு!"

நடந்தான். புதுச் செருப்பு கடித்ததில் ஒரு காலை இழுத்து, மறுகாலை வெட்டி வெட்டி வைத்தான். வேறு வழி? கமகங்களையெல்லாம் உதறிவிட்டு அந்த நொண்டலுக்கே பாடினேன். "ஆங், அப்புடி வா!" என்று தப்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தெருவே கூடப் பாடியது. திரும்பிப் பார்க்கிறேன், அப்பா கைதட்டிக்கொண்டே வருகிறார்! அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை.

போன வருஷம் சலீமின் பேரனுக்குக் கல்யாணம். ஊர்வலம் என்று எதுவும் கிடையாது, பூ ஒட்டிய ஏசி கார்தான். பேரன் முன்சீட்டில், கிழவர்கள் நாங்கள் இருவரும் பின்னால். "மச்சான், நம்ம பாட்ட எடுத்து வுடேன்" என்றான் சலீம். குஷியாக ஆரம்பித்தேன். பல்லவியை முடிப்பதற்குள் மண்டபம் வந்துவிட்டது.