கறுப்புத் தேயிலைக்கு நான் எழுதிய இரண்டு ரிப்போர்ட்

நான் எழுதிய ஒரு வரியால் ஒரு டீக்கடை மூடப்பட இருந்தது. தேயிலை டேஸ்டிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஐம்பதுகளில் ஓசூரில் ஒரு தேயிலை டிப்போவில், டீயை ருசிபார்த்துத் தரம் எழுதுகிற டேஸ்டர் நான்தான். பெட்டியைத் திறந்ததுமே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன் என எனக்குத் தலைக்கனம். ஒருநாள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே கன்னங்கரேலென்று உடைந்த ஓடு மாதிரி ஒரு கட்டி.

"பெங்களூர் ரோட்டுல லட்சுமம்மான்னு ஒரு பொம்பள டீக்கடை வெச்சிருக்கா. அழுகின இலையை விக்கிறாளாம், பெட்டிஷன் வந்திருக்கு. நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, லைசென்ஸைப் பிடுங்கிடறேன்" என்றார்.

எப்போதும் போலத்தான் செய்தேன். கட்டியை உதிர்த்து, நிறுத்து, மூடி வைத்த கப்பில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன். கடிகாரம் பார்த்து ஐந்து நிமிஷம் கழித்து இறங்கிய சாற்றை ஒரு ஸ்பூன் உறிஞ்சினேன். மழையில் நனைந்த சாக்கு நாற்றம்! துப்பிவிட்டு, 'பூசணம் பிடித்தது, குடிக்க லாயக்கில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மாளே ஒரு மூங்கில் கூடையோடு டிப்போ வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யாருங்க சார் அது, என் டீயை அழுகல்னு எழுதுனது?"

"நான்தாம்மா."

"எத்தினியாவது தண்ணியைக் குடிச்சீங்க?"

கேள்வியே எனக்குப் புரியவில்லை. "டீக்கு எத்தனை தண்ணிம்மா? ஒரே தண்ணிதான்."

"அட கடவுளே! அது கழுவி ஊத்துற தண்ணி சார்! அரிசி களைஞ்ச தண்ணியைக் குடிச்சிட்டு, சோறு கெட்டுப்போச்சின்னு எழுதுவீங்களா?"

குடோன் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அவள் மலாயாவில் ஒரு ஈயச் சுரங்கத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்தவள். அங்கே சீனத் தொழிலாளிகள் குடிக்கிற தேயிலை இது. இலையை ஈரத்தில் புளிக்கவைத்து, ஆவி காட்டி, கூடையில் அழுத்தி, வருஷக்கணக்கில் வைத்திருப்பார்களாம். புருஷன் இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊர் திரும்பியபோது நாலு கூடை கொண்டுவந்திருக்கிறாள். ராகிக் களி தின்றுவிட்டு வருகிற லாரிக்காரர்கள், வயிறு லேசாகிறது என்று அதைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

என் மேஜையிலேயே போட்டுக் காட்டினாள். முதல் தண்ணீரை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, நான் துப்புகிற தொட்டியில் கொட்டினாள். இரண்டாவது தண்ணீர் வெல்லப்பாகு நிறத்தில் இறங்கியது. பால் கேட்டேன், முறைத்தாள். குடித்தேன். சாக்கு நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய மரப்பெட்டியைத் திறந்த மணம், பிறகு தொண்டையில் மெல்லிய இனிப்பு. ஐந்தாவது தண்ணீர்வரை குடித்தேன், ஒரு வாய்கூடத் துப்பவில்லை.

"கடையை மூடிட்டா ரெண்டு பொட்டப்புள்ளைங்களை வெச்சிக்கிட்டு நான் எங்க சார் போவேன்?" அப்போதுதான் அவள் குரல் இறங்கியது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரிப்போர்ட்டை மாற்றித் தருகிறேன் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"யோவ், ரெண்டாவது ரிப்போர்ட் எழுதினா, மொதல்ல எழுதினவன் முட்டாள்னு ஆயிடும்யா!"

"ஆமா சார். அதையும் சேர்த்தே எழுதிடறேன்."

எழுதினேன்: 'தேயிலையில் குறை இல்லை. போட்ட விதத்தில்தான் குறை. போட்டவன் நான்.' இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். ஆனால் லைசென்ஸில் கைவைக்கவில்லை. மேனேஜர் என்னை ஆறு மாதம் டேஸ்டிங் மேஜைப் பக்கமே விடவில்லை. குடோனில் பெட்டிகளுக்கு ஆணி அடித்தேன்.

திரும்பி வந்தபின், எந்தச் சாம்பிள் வந்தாலும், "உங்க வீட்டுல இதை எப்படிங்க போடுவீங்க?" என்று கேட்காமல் ஸ்பூனை எடுத்ததில்லை. நீங்களும் கேளுங்கள்.

லட்சுமம்மாவுக்கு முன்னால் எத்தனையோ சாம்பிள்களுக்கு லாயக்கில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருவரும் வாசலுக்கு வந்து கேட்டதில்லை. நான் சரியாகச் சொன்னதால்தான் வரவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.