நர்ஸம்மாவின் கால் ராத்தல்

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். குட்டையானவர். கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொடுமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எங்கள் முதல் பிள்ளை பெரிதாக இருந்து, பிறக்கமுடியாமல் இறந்துபோனது. அதனால் மறுமுறை என் மனைவியை எங்கள் ஊர் அகரத்திலிருந்து வண்டி கட்டி அவரிடம் கூட்டிப்போனேன். மாடுகளில் ஒன்று நொண்டி, அது வேறு கதை. நர்ஸம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை எட்டு ராத்தல் இருக்கும்ப்பா. இவ இடுப்புக்கு ஆகாது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிரு."

"தராசு இல்லாம எப்படிம்மா சொல்றீக?"

"நீ சந்தையில கத்திரிக்காக் கூடையத் தூக்குனதும் எடை சொல்லுவேல்ல?"

மதுரையில் ஆப்பரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பூசணிக்காயோடு போய் நர்ஸம்மாவிடம் சொன்னேன்.

"எடை எம்புட்டு?"

"எட்டேகால் ராத்தலும்மா."

"கால் ராத்தல் தப்பிட்டேனே!"

"பஸ்ல போகயில வளந்திருக்கும்மா."

அவர் சிரிக்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உயிரைக் காத்த கைகளில் அவர் என்ன குறை கண்டாரோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.