ஆறு சிவப்பு மீன்களும் மூன்று நாள் லீவும்

மீன் மேல் எனக்குச் சொந்த விரோதம் எதுவும் கிடையாது. குழம்பில் கிடக்கிற மீனைப் போல ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு கிடந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, என்னை நாயாக வேலை வாங்கிய ஆறு மீன்கள் உண்டு. அவற்றின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கடுதாசி எழுதுகிறவன். பச்சைத்தோல் வந்து, சுண்ணாம்புக் குழியில் இறங்கி, ஆவாரம்பட்டைக் குழியில் ஊறிப் பதமாகி, மதராஸ் போய்க் கப்பலேறும். அந்தத் தோலின் அருமை பெருமைகளை வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. நாற்றத்தைப் பற்றி மட்டும் எழுதமாட்டேன்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். ஒரே ஒரு வியாதி. மதராஸ் போனால் எதையாவது பார்த்துவிட்டு வந்துவிடுவார். ஒரு தடவை, எங்கள் தோலை வாங்கும் துரையின் ஆபீசில் கண்ணாடித் தொட்டியில் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டார். வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்: "தொரை வெச்சிருக்கறது ரெண்டு முழம். நம்மது மூணு முழம் இருக்கணும். அவரு வர்றப்ப பார்க்கணும்."

வேலூர்த் தச்சன் தேக்குச் சட்டம் போட்டுத் தொட்டி செய்து கொடுத்தான். மீன்கள் மண்ணெண்ணெய் டின்னில் ரயிலேறி வந்தன. ஆறும் செக்கச்செவேல். கூடவே ஓர் அச்சடித்த தாள். முதலாளி அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், பிறகு என் மேஜையில் வைத்தார்.

"இங்கிலீஷ்ல இருக்குது. அப்ப இது ரைட்டர் வேலை."

இப்படித்தான் என் தலையில் விடிந்தது. ஷாப்புக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். மீனுக்கு ஆகாது. ஆகவே தினம் காலையில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எட்டுக் குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். நேற்றைய தண்ணீரைச் செம்பால் மொண்டு கொட்ட வேண்டும். கண்ணாடியில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். மீன்கள் இரவெல்லாம் போட்ட கழிவைத் துணியில் அள்ள வேண்டும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் காயவைத்துப் பொடி பண்ணித் தூவ வேண்டும். என் வீட்டில் நான் முட்டை தின்பது தீபாவளிக்குத் தீபாவளி. பி.ஏ. வரை போகாவிட்டாலும் மெட்ரிகுலேஷன் தேறியவன் நான். எங்கள் தெருவே என்னைப் பார்த்துப் பெருமைப்பட்ட காலம் ஒன்று உண்டு.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒடுகத்தூரிலிருந்து ஆள் வந்தது. என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம், பதினாறாம் நாள் பேர் வைக்கிறோம், வந்து சேரவும் என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் குழந்தையின் காதில் முதல் முதலாகப் பேரைச் சொல்லவேண்டியவன் அப்பன். நானும் பேரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. குடம் தூக்கி நடக்கும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஒடுகத்தூர் என்ன சீமையா? மாதனூர் வரை யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள், அங்கிருந்து நடை. அரை நாள் தூரம். போக, இருக்க, வர, மூன்று நாள் லீவு கேட்டேன்.

முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கற்கண்டு வரவழைத்து என் வாயில் போட்டார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"நீ போறதுல எனக்கு ஒண்ணும் பேஜார் இல்லப்பா. கடுதாசி மூணு நாள் கழிச்சுக்கூடப் போகும். மீனை யாரு பார்க்கறது? தொரை வேற வர்ற நேரம்."

"குழி ஆளுங்க யாராச்சும் தண்ணி மாத்தட்டும், மொதலாளி."

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் ஆறு பேர், தண்ணீருக்குள் இருந்தார்கள். கடைசியில் முதலாளியே ஒரு வழி சொன்னார். "மீனு தானா பொழைக்கிற மாதிரி எதுனா ஏற்பாடு பண்ணு. பண்ணிட்டு, தாராளமா போய்ட்டு வா."

அன்றைக்கே தோல் கட்டும் பழுப்புத் தாளின் முதுகில் படம் போட ஆரம்பித்தேன். கூரையில் தொங்கும் இழுவிசிறி ஆடும்போது கூடவே ஆடிக் கண்ணாடியைத் தேய்க்கும் துடைப்பம் ஒன்று. கழிவு விழுந்தால் எடை தாங்காமல் கவிழ்ந்து வெளியே கொட்டும் தராசுத் தட்டு ஒன்று. மீனுக்குப் பசித்தால் மூக்கால் இழுத்து என்னைக் கூப்பிட ஒரு மணிக்கயிறு. இதில் மட்டும் ஒரு சிக்கல்: இந்த மீன்களுக்குப் பசிக்காத நேரமே இல்லை. மணிக்கயிற்றைப் படத்திலிருந்து அடித்துவிட்டேன்.

முதலில் தண்ணீர். தொட்டிக்கு மேலே நீர் நிறைந்த பை ஒன்று தொங்கி, சன்னமாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் குடம் தூக்க வேண்டாம். பை எதில் செய்வது? ஆம்பூர்க்காரனிடம் போய் இதைக் கேட்கலாமா? எங்களுக்குக் கதவுக் கீலுக்கும் தோல், கட்டில் காலுக்கும் தோல். நானே பொறுக்கி எடுத்த முதல் தர ஆட்டுத்தோலில் பை தைத்து, மூங்கில் குழல் சொருகித் தொங்கவிட்டேன். துரைக்கு எழுதுவேனே, பாலைப் போல மிருதுவான, குறையேதும் இல்லாத தோல் என்று, அதே தோல்.

மறுநாள் காலையில் தொட்டித் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. தோலில் ஊறியிருந்த பட்டைச் சாரம் இறங்கிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. குழி மேஸ்திரி அந்த வழியாக வந்தார். முப்பது வருஷம் குழிகளோடு வாழ்ந்தவர், சாரம் ஏறியதா என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். தொட்டியில் விரலை விட்டார், நக்கினார், யோசித்தார்.

"சாரம் கம்மியா இருக்குது ரைட்டரே. இன்னும் ரெண்டு கூடை பட்டை போடணும். பத்து நாள்ல மீனு நல்லா பதமாயிடும்."

அவர் கேலி பேசுகிற ஆள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டு மீன் செத்தன. முதலாளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மல்லிகைச் செடி ஓரம் அடக்கம் பண்ணச் சொன்னார். குழி தோண்டிய ஆளுக்கு, மனசு கஷ்டப்பட்டிருப்பான் என்று, அரை நாள் லீவு கொடுத்தார். அந்த அரை நாளில் நான் ஒடுகத்தூர் போயிருப்பேன். மண்வெட்டியை நானே எடுத்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். மதராஸுக்குத் தந்தி போய், பதிலுக்கு இரண்டு மீன் வந்து, கணக்கு மறுபடி ஆறானது. ஐந்து நாள் போயிற்று.

அடுத்தது சாப்பாடு. ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தில் மணி அடிக்கும் சுத்தி இருக்கிறதே, அதிலிருந்து ஒரு கம்பி இழுத்து, அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் கட்டினேன். சுத்தி ஒரு தடவை அடித்தால் டப்பா ஒரு தடவை குலுங்கி ஒரு சிட்டிகை முட்டைப்பொடி விழும். ஒரு மணிக்கு வைத்துப் பார்த்தேன். ஒரு சிட்டிகை, அளந்தாற்போல விழுந்தது. நான் எடிசனுக்குத் தம்பி என்ற நினைப்பில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு ஓர் அடி சரி. பன்னிரண்டு மணிக்கு எத்தனை அடி என்று மெட்ரிகுலேஷன் தேறிய மூளைக்கு உறைக்கவில்லை. காலையில் வந்தால் தொட்டி கூழாகக் கிடக்கிறது. மீன்கள் வயிறு உப்பி, நிறைமாதக்காரிகள் மாதிரி அசைய முடியாமல் நின்றன. பதினாறு குடம் தண்ணீர் சுமந்து கழுவினேன். அன்றைக்குக் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள்.

ஆத்திரத்தில் அந்த இங்கிலீஷ் தாளைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிக்கும்போதுதான் பின்பக்கமும் அச்சு இருப்பது தெரிந்தது. நன்றாக வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவில்லாமல் சுகமாக இருக்கும் என்று போட்டிருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவன் என்றுதானே என்னை மீனுக்கு வைத்தார்கள்? அந்த இங்கிலீஷ் தெரிந்தவன் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. இதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன்.

தண்ணீருக்கு வழி கோயிலில் கிடைத்தது. சிவலிங்கத்தின் தலைக்கு மேலே தாராபாத்திரம் தொங்கி நாளெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அடியில் ஊசித்துவாரம், அதில் ஒரு திரி, அவ்வளவுதான். எத்தனையோ தடவை அதன் எதிரே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நான். ஒரு பெரிய மண்பானையில் அதேபோலத் திரி வைத்துத் தொட்டிமேல் தொங்கவிட்டேன். சொட்டுகிற அளவுக்குப் பழைய தண்ணீர் வெளியேற, தொட்டிக்குள்ளிருந்து பப்பாளி இலைத்தண்டில் ஒரு குழல். பாசி தின்ன, ஏரியிலிருந்து பத்து நத்தை. ஒரு பானை நிரப்பினால் மூன்று நாள் ஓடியது. மூன்று நாளும் நான் கை வைக்கவில்லை. தண்ணீர் பளிங்காக இருந்தது. மீன்கள்கூட என்னை மரியாதையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

பதினான்காம் நாள் துரை வந்தார். மீன்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பானையைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், குனிந்து பார்த்தார், சிரித்தார். தன் ஆபீசுக்கும் இதுபோல ஒன்று வேண்டும் என்றார். முதலாளிக்குத் தரையில் கால் பாவவில்லை.

துரை போனதும் நான் மூட்டையோடு போய் நின்றேன்.

"மூணு நாளு தானா ஓடிச்சு மொதலாளி. நான் போய்ட்டு வந்துடறேன்."

"எங்க போற? தொரைக்கு ஒண்ணு பண்ணி அனுப்பணும். அதுக்கு நீதானே வேணும்."

"நாளைக் கழிச்சு பேரு வெக்கிறாங்க."

"இன்னாப்பா, பேரு எங்கனா ஓடிப் போயிடுமா? அதுவும் இல்லாம, இந்த மிசினு திடீர்னு நின்னுட்டா யாருக்குத் தெரியும்? மீனுன்னா எவனாச்சும் பார்த்துக்குவான். மிசினை நீதான் பார்க்கணும்."

மீனைப் பார்க்க ஆளில்லை என்று இத்தனை நாள் பாடுபட்டேன். இப்போது மீனைப் பார்க்க ஊரே தயார். என்னைக் கட்டிப்போட்ட கயிற்றை நானே பப்பாளிக் குழலில் திரித்திருக்கிறேன். முட்டாப்பயல். மூட்டையைப் பிரித்து வேட்டியை மறுபடி கொடியில் போட்டேன்.

துரைக்கு ஒன்று, துரையின் நண்பருக்கு ஒன்று, முதலாளியின் சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று செய்து முடித்து நான் ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்தபோது மூன்று மாதம் முடிந்திருந்தது. அரை நாளில்தான் போய்ச் சேர்ந்தேன். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனைவி கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, ஒரு கையால் அதன் முகத்தைத் தாங்கி, மறு கையால் வெந்நீர் மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. என் வாயில் வந்ததெல்லாம் பானையும் திரியும்தான். தாராபாத்திரத்தில் தொடங்கி, துரை குனிந்து பார்த்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"மீனு குளிக்கறதுக்கு இவ்ளோ கண்டுபுடிச்சீங்களே. ஒடுகத்தூருக்கு நடக்கறதுக்கு ஒண்ணும் கண்டுபுடிக்கலயா? அதுக்குக் காலு இருந்தா போதுமே."

முதலாளி விடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஷாப்புக் கதவு எந்த நாளும் பூட்டியிருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. மூன்று மாதமாக முதலாளியைத் திட்டியதில் பாதியையாவது திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

பேச்சை மாற்றுவதற்காக, "கொழந்தைக்கு இன்னா பேரு வெச்சீங்க?" என்றேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே கேட்டது. அவள் அண்ணன்தான் குழந்தையின் காதில் சொன்னானாம். அந்தப் பேரைச் சொன்னாள். நான் குடம் தூக்கும்போது சொல்லிப் பார்த்த பேர் அது இல்லை. நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பேரை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

குழந்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்து அழுதது. அவள் செம்பை என் பக்கம் நீட்டினாள்.

"ஊத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, கண்ணுல போயிடப் போவுது."