படத்துக்குச் சிரித்த முகம்

அந்தச் சிவப்பு ரவிக்கையில் வேறு யாருடைய வியர்வையோ ஊறியிருந்தது. எத்தனை பெண்கள் போட்டுக் கழற்றியதோ, அக்குளில் உப்புப் பூத்திருந்தது. சேலை மடிப்புக்குள் பழைய பவுடர் வாசம். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உடுத்தினேன்.

பதுளை வீதியில், எங்கள் மலைக்குக் கீழே உள்ள வளைவில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அங்கே இறங்கிப் படம் எடுப்பார்கள். அவர்களுக்காகவே கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பெண் ஒருத்தியைச் சேலை கட்டித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிறுத்திவைப்பார். முதுகில் மூங்கில் கூடை வேறு. நாங்கள் கூடையை விட்டுச் சாக்குக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. படத்துக்குக் கூடைதான் வேண்டுமாம். வீட்டில் செலவு இருந்தது, போனேன்.

கொழுந்து எடுக்கும்போது எனக்குக் கை இருப்பதே தெரியாது. மனசு வேறெங்கோ கிடக்கும். மகளின் இருமல், பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியோடு போட்ட சண்டை, அதில் சொல்ல மறந்துபோன நல்ல பதில். விரல்கள் தம்பாட்டுக்குக் கிள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் சாக்கு கனத்திருக்கும். அப்படி என்னை மறந்து கிடந்தபோதுதான் நான் நானாக இருந்திருக்கிறேன். அது அப்போது தெரியாது.

“கையப் பாக்காதீங்க அக்கா, இங்க பாத்துச் சிரிங்க,” என்றார் கடைக்காரர்.

சிரித்தேன். கணுக்காலில் அட்டை ஏறுவது தெரிந்தது. குனியப் போனேன்.

“ஆடாதீங்க, ஆடாதீங்க!”

அட்டை என் இரத்தத்தைக் குடிக்கக் குடிக்கச் சிரித்துக்கொண்டே நின்றேன். படம் எடுத்த வெள்ளைக்காரப் பெண் ஆசையாக வந்து ஃபோனைக் காட்டினாள். படத்துக்குள் ஒருத்தி அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு நின்றாள். சீ, யார் இவள் என்று இருந்தது. அட்டையைப் பிய்த்து எறிந்தேன். பல்லை என்ன செய்வது?

மறுநாள் மலைக்குப் போனால் கை ஓடவில்லை. கண் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கிள்ளுவது கொழுந்தா, முத்தலா என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்தேன். யோசித்ததால் தப்புத் தப்பாகக் கிள்ளினேன். வளைவில் யாரோ நின்று பார்ப்பதுபோல முந்தானையைச் சரிசெய்தேன். ஒருவரும் இல்லை. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி என் சாக்கைக் கவிழ்த்தார். பாதி முத்தல் இலை.

“என்னா புள்ள, மாட்டுக்குப் புல்லா அறுத்துட்டு வந்த?”

எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பிக் கொடுக்கத் தெரியாதவளா நான்? ஆனால் முகம் சிரித்தது. அதே சிரிப்பு.

“என்னாத்துக்கு இளிக்கிற?” என்றார்.

அன்று லயத்து வீட்டுக்கு வந்து, சாம்பலைத் தொட்டுப் பல்லை ஈறு கசியும்வரை தேய்த்தேன். இந்த மூஞ்சியை இனி யாருக்கும் காட்டப் போவதில்லை என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை கடைக்காரர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் அதே சேலை, துவைக்காமல்.

“நாளைக்கும் நீங்களே வாங்கக்கா. வேற யாருக்கும் அந்தச் சிரிப்பு வர மாட்டேங்குது.”

காறித் துப்பி அவரை விரட்டத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. “ஆங், இதேதான்,” என்றார்.