இரண்டு பந்துவீச்சாளருக்கு ஒரு துடுப்பாட்டக்காரன்

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதம், இத்தாலியின் பலெர்மோவில் நடந்தது இது. இங்கே வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் லீவு. அதனால் எங்கள் கிரிக்கெட்டும் வியாழனும் ஞாயிறும்தான். நகரத்துக்கு வடக்கே இருக்கிற பெரிய பூங்காவில், பாதி புல்லும் பாதி மண்ணுமான ஒரு வெளியில் விளையாடுவோம். அந்த வருடம் நான்தான் கப்டன். என் ஆட்டம் சுமார்தான், வாய்தான் நீளம். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் தெரிவு செய்தார்கள் போலிருக்கிறது.

எங்கள் அணியில் பந்து போட ஆள் இருந்தது, அடிக்க ஆள் இல்லை. அறுபது ஓட்டம் எடுத்தாலே அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி. பந்துவீச்சில் மட்டும் இரண்டு இளம் பெடியன்கள் இருந்தார்கள். ஒருவன் இங்கேயே பிறந்தவன், சுழல் பந்து போடுவான், தமிழில் தொடங்குகிற வசனத்தை இத்தாலியனில் முடிப்பான். மற்றவனுக்கு இருபத்து மூன்று வயது, வேகப்பந்து. ஊரிலிருந்து தனியாக வந்து, துறைமுகப் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனை இங்கே தம்பி என்றே சொல்கிறேன். தம்பி அதிகம் கதைக்க மாட்டான். ஆட்டம் முடிந்து நாங்கள் எல்லோரும் குந்தியிருந்து போன் பார்க்கும்போது, விக்கெட் கட்டைகளையும் சாமான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் பாதித் தூரம் போயிருப்பான். என்னிடம் மட்டும் இல்லை, எங்கள் சொத்தி விழுந்த பழைய மட்டைகளிடம்கூட மரியாதையாகத்தான் நடப்பான்.

தேவாலயத்துப் பெடியன்கள் என்று நாங்கள் சொல்கிற இன்னொரு அணி இருந்தது. மன்னார்ப் பக்கத்து ஆட்கள்தான் அதில் அதிகம். அவர்களிடம் இருபது வயதில் ஒரு இடதுகைத் துடுப்பாட்டக்காரன் இருந்தான். சும்மா சொல்லக்கூடாது, அவன் அடித்தால் பந்தைத் தேடி மரங்களுக்குள்தான் போகவேண்டும். அவர்களுக்கோ ஒழுங்காகப் பந்து போட ஒரு ஆள் இல்லை. ஆடிமாதக் கோப்பைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற நாள் நெருங்கியபோது அவர்களுடைய கப்டன் எனக்குப் போன் எடுத்தார். தங்கள் பெடியனைத் தருவதாகவும், பதிலுக்கு எங்கள் பந்துவீச்சாளர் இருவரையும் தரவேண்டும் என்றும் கேட்டார்.

அந்த ஞாயிறு பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஆளின் கடையில், ரோல்ஸும் தேத்தண்ணீருமாக நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடினோம். எங்கள் விக்கெட் காப்பாளன் என்னோடு பதினைந்து வருடம் பழகியவன். அவன்தான் முதலில் தொடங்கினான்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? பந்து போடுறவன்ரை தோள் எப்ப விடும் எண்டு ஆருக்குத் தெரியும்? அடிக்கிறவன் பத்து வருசத்துக்கு அடிப்பான்."

"ரெண்டு பேரையும் குடுக்கிறது கூடிப்போச்சு. ஒருத்தனைக் குடுப்பம்," என்றார் இன்னொருவர்.

"ஒருத்தனுக்கு அவங்கள் தரமாட்டாங்கள். இவங்கள் ரெண்டு பேரும் நாளைக்கு நல்லா வருவாங்கள் எண்டுறது நம்பிக்கை. அவன் இண்டைக்கே அடிக்கிறான், அது கண்ணுக்கு முன்னாலை கிடக்கு," என்றான் காப்பாளன் திரும்பவும்.

இரண்டு மணித்தியாலம் இப்படியே போனது. டிவியில் வருகிற நிபுணர்கள் எங்களிடம் பிச்சை வாங்கவேண்டும். யாருடைய முழங்கை வளைகிறது, யார் வெயிலில் களைக்கிறான் என்று எல்லாவற்றையும் பிய்த்துப் பிடுங்கினோம். சந்தையில் மீன் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தோம், இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்றேன். அந்த இரண்டு பேரையும் ஒருதரம் கேட்போமே என்று அங்கே இருந்த ஒருவர் வாயிலும் வரவில்லை. கப்டன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த என் வாயிலும் வரவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய விசர்வேலை. புதன்கிழமை மத்தியானம், நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். எனக்குப் பொழுது போகவில்லை. இங்கே உதைபந்தாட்டக்காரர்களை வாங்கி விற்கிற காலத்தில் செய்திகளில் பெரிய எழுத்தில் போடுவார்களே, அதே மாதிரிப் போனில் ஒரு படம் செய்தேன். மேலே சிவப்பில் "திராஸ்பெரிமெந்தோ", அதாவது இடமாற்றம். கீழே இரண்டு பேருடைய பெயரும், எந்த அணியிலிருந்து எந்த அணிக்கு என்பதும், வியாழக்கிழமை என்று நாளும். அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நானே பார்த்துச் சிரித்தேன்.

சுழல்பந்துப் பெடியன் உடனே எழுதினான்: "மாமா, என்னை எவ்வளவுக்கு வித்தனீங்கள்?" பின்னால் வரிசையாகச் சிரிப்பு முகங்கள். தம்பியிடமிருந்து ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டு சொல் வந்தது: "ஓம் அண்ணை."

மறுநாள் நான் பூங்காவுக்குப் போனபோது தம்பி எனக்கு முன்னமே வந்து நின்றான். அணிச் சட்டையைத் தோய்த்து, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தான். புதுப்பந்து ஒன்று அவனிடம் இருந்தது, அதையும் தந்தான். பிறகு கேட்டான்: "எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும் அண்ணை?"

பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தேன். "இப்பவே வெளிக்கிடு, அங்கை உன்னைப் பாத்துக்கொண்டு நிப்பாங்கள்," என்று முதுகில் தட்டினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு எங்கள் புது ஆள் ஐம்பத்திரண்டு ஓட்டம் அடித்தான். நான் தலைகால் தெரியாத சந்தோஷத்தில் இருந்தேன்.

ஐந்தாறு நாள் கழித்து மற்ற அணிக் கப்டன் போன் எடுத்துச் சத்தம் போட்டார். ஒருவன்தான் வந்தான், மற்றவன் எங்கே என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விக்கெட் காப்பாளனும் தம்பியும் போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரே வீட்டில்தான் அறை எடுத்திருந்தார்கள். காப்பாளனிடம் கேட்டேன்.

"அறையை விட்டுட்டுப் போட்டானடாப்பா," என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "வேலைக்கும் சொல்லேல்லையாம். வடக்கை போற ரெயினிலை ஏறினதாக் கேள்வி. வாற மாசம் பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை அவனுக்கு நாள் குடுத்துக் கிடக்கு. அண்டைக்கு வராட்டில் விசா போச்சு."

அப்போதுதான் திராஸ்பெரிமெந்தோ என்ற அந்தச் சொல் எனக்கு மண்டையில் அடித்தது. பஸ்ஸில் ஒருநாள் தம்பி எனக்குச் சொல்லியிருந்தான். கடல் வழியாக வந்து இறங்கிய பிறகு இரண்டு வருடத்தில் நாலு அகதி முகாம் மாற்றினார்களாம். ஒவ்வொரு முறையும் முன்னறிவித்தல் இல்லை. சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேலே திராஸ்பெரிமெந்தோ, கீழே பெயர்கள், நாள். பெயர் இருந்தால் பையைக் கட்டவேண்டும். கூட இருந்தவனைப் பிறகு காணமுடியாது. எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று மட்டும் கேட்கலாமாம், வேறு கேள்விக்குப் பதில் இல்லையாம். அதை அவன் சொன்னபோது நான் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டு "ம்... ம்..." என்றுகொண்டிருந்தேன்.

என்ன மனிதன் நான் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. பத்து நாளாகப் போன் எடுத்தேன், மணி அடித்து அடித்து நின்றது. கோப்பை வேண்டாம், புது ஆளைத் திருப்பிக் கொடுக்கிறேன், நீ வந்து உன் பேப்பர் அலுவலைப் பார் என்று எழுதினேன். அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்தது, பதில்தான் இல்லை. குவெஸ்தூராவில் அவனுக்குக் கொடுத்த நாளன்று சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, காலை ஏழு மணிக்கே அந்த வாசலில் போய் நின்றேன். வரிசையில் வந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவனைப் போல மெலிந்த ஒரு வங்காளப் பெடியனைத் தோளில் தொட்டுத் திருப்பி, மன்னிப்பும் கேட்டேன். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. மத்தியானம் குரல் பதிவு அனுப்பினேன்: "தம்பி, நான் வாசல்லைதான் நிக்கிறன். கிட்ட எங்கையும் இருந்தால் வா. நான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கிறன்." வாசலைப் பூட்டினார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன்.

பின்னேரம் பதில் வந்தது. பின்னால் கோப்பைகள் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, நீங்கள் பிழை ஒண்டும் செய்யேல்லை. பேர் ஒட்டினாப் பிறகு நிண்டு கதைச்சு எனக்குப் பழக்கமில்லை. இந்த முறை நானே இடத்தைப் பாத்துக்கொண்டு போட்டன், அவ்வளவுதான். கோவம் இல்லை. சுகமா இருங்கோ."

கோபம் இல்லை என்று அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஏசியிருந்தால், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. ஜெர்மனியில் கண்டதாக ஒருவர் சொன்னார், பிரான்ஸ் என்றார் இன்னொருவர். கையில் பேப்பர் இருக்கிறதா என்று எவருக்கும் தெரியாது.

சுழல்பந்துப் பெடியன் மூன்று கிழமையில் எங்களிடமே திரும்பி வந்தான். "அங்கை எனக்குச் சரிவரேல்லை மாமா," என்றான், நாங்களும் சேர்த்துக்கொண்டோம். வீடும் பள்ளிக்கூடமும் தாய் தகப்பனும் இங்கேயே உள்ளவனுக்கு அந்தச் சொல் ஒரு பகிடி. இரண்டு பேருக்கும் ஒரே படத்தைத்தான் நான் அனுப்பினேன்.

அந்த வருடக் கோப்பையை நாங்கள் எடுத்தோம். படம் பிடிக்கும்போது நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி விலகி நின்றேன். அடுத்த வருடம் கப்டன் பொறுப்பையும் விட்டுவிட்டேன். போக விருப்பமா என்று அன்றைக்கு அவனிடம் கேட்டிருந்தால், "இல்லை அண்ணை, நான் இஞ்சையே நிக்கிறன்" என்று சொல்லியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள் முதல் ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியை, அவனுடைய மொழியே பேசுகிற நானும் கேட்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.